கேமரா யார் பக்கம் நிற்கிறது?

(மாணவர்களின் திரைப்படச் சங்கக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



சமீபத்திய படங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று சங்க நண்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். 2023இலிருந்து 2025 வரை வந்த தமிழ்ப் படங்களை எடுத்துக்கொள்கிறேன். திரில்லர், கிராமத்துக் கதை, கிரிக்கெட், கபடி, ராணுவம், குடும்பம் என்று பல வகைப் படங்கள் இதில் வரும். எந்த வகையானாலும் நான் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இந்தக் காட்சியில் கேமரா யார் பக்கம் நிற்கிறது? அடிபடுகிறவர் பக்கமா, அடிக்கிறவர் பக்கமா, காப்பாற்ற ஓடி வருகிறவர் பக்கமா? இதைத் தொழில்நுட்பம் சார்ந்த முடிவு என்று சொல்வார்கள். அறம் சார்ந்த முடிவும் அதற்குள்ளேதான் இருக்கிறது. கதைகளின் முடிவையும் சொல்லித்தான் பேச வேண்டியிருக்கிறது. பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டு திரில்லர்கள். நித்திலன் சாமிநாதன் இயக்கிய 'மகாராஜா' 2024 ஜூனில் வந்தது. விஜய் சேதுபதிக்கு 50ஆவது படம். அந்த ஆண்டு நவம்பரில் சீனாவிலும் வெளியாகி நன்றாக ஓடியது. அருண்குமார் இயக்கி சித்தார்த் நடித்த 'சித்தா' அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில் வந்தது. இரண்டு படங்களிலும் பாலியல் வன்முறைக்கு ஆளாவது ஒரு சிறுமி. இரண்டிலும் அவளைப் பாசமாக வளர்க்கும் ஓர் ஆண்தான் நாயகன். இரண்டும் நன்றாக எடுக்கப்பட்ட படங்கள். ஆனால் கேமரா நிற்கும் இடம் நேர் எதிர்.

'மகாராஜா'வில் சலூன் நடத்தும் ஒருவர், தன் வீட்டு லட்சுமியைத் திருடிவிட்டார்கள் என்று போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்க வருகிறார். லட்சுமி என்பது ஒரு குப்பைத்தொட்டி. போலீஸ்காரர்கள் சிரிக்கிறார்கள், நாமும் சிரிக்கிறோம். காலவரிசையைக் கலைத்துப் போட்டு, துண்டு துண்டாகக் காட்டி, கடைசியில் எல்லாவற்றையும் சேர்க்கும் அந்தத் திரைக்கதையின் கைத்திறன் அசாதாரணமானது. விஜய் சேதுபதியின் அசையாத முகம் படம் முழுவதையும் தாங்குகிறது. ஆனால் இத்தனை திறமையும் எதை ஒளித்துவைப்பதற்குச் செலவாகிறது? அந்தப் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையை. அவளுடைய வலி திரைக்கதையின் கடைசித் திருப்பத்துக்காகப் பூட்டிவைக்கப்படுகிறது. திருப்பம் வெடிக்கும்போது தியேட்டர் அதிர்கிறது. அந்த அதிர்ச்சியின் பலன் அப்பாவுக்குப் போகிறது, இயக்குநருக்குப் போகிறது. அவளுக்கென்று பேச ஓர் இடம் கிடைப்பதற்குள் படம் முடியப் போகிறது. அவள் பேசும் அந்தக் காட்சி வலுவானதுதான், அதை நான் மறுக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அவளை ஒரு விடுகதையின் விடையாக வைத்திருந்ததை அது ஈடு செய்யவில்லை.

'சித்தா'விலும் தேடல் உண்டு, பதற்றம் உண்டு, நாயகனின் கொலைவெறி உண்டு. பழனியில் நடக்கும் கதை. முதல் பாதியில் சந்தேகம் நாயகன் ஈஸ்வரன் மேலேயே விழுகிறது. குழந்தைகளோடு பாசமாகப் பழகும் ஒரு மனிதனை ஊர் எப்படிப் பார்க்கத் தொடங்குகிறது என்பதைப் படம் கூசாமல் காட்டுகிறது. ஆனால் அந்தப் படத்தின் உயிர் வேறொரு காட்சியில் இருக்கிறது. குழந்தை மீட்கப்பட்ட பிறகு, செய்தவனைக் கொன்றே தீருவேன் என்று ஈஸ்வரன் அலைகிறான். துப்புரவுப் பணி செய்யும் சக்தி, நிமிஷா சஜயன் நடித்த பாத்திரம், அவனிடம் பேசுகிறாள். அவனைக் கொன்றால் உன் ஆத்திரம் தீரும், பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்பதுதான் அவள் பேச்சின் சாரம். அதுவும் தனக்கு நேர்ந்ததைச் சுமந்துகொண்டு பேசுகிறாள். அந்த நொடியில் கேமரா நாயகனின் தோளை விட்டிறங்கிக் குழந்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது. பழிவாங்கும் கதையையே பல பத்தாண்டுகளாகச் சொல்லி வந்த தமிழ் சினிமாவில் இதை நான் ஒரு பெரிய திருப்பமாகவே பார்க்கிறேன்.

'சித்தா'விலும் எனக்கு ஒரு குறை உண்டு. கடத்திப் போகிறவனை முன்பின் தெரியாத ஒரு மனநோயாளி போலக் காட்டியிருக்கிறார்கள். நிஜத்தில் இந்தக் குற்றங்களைப் பெரும்பாலும் செய்பவர்கள் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், வீட்டுக்குள் வந்து போகிறவர்கள். முதல் பாதியில் அந்த உண்மையின் வாசல் வரைக்கும் போன படம், இரண்டாம் பாதியில் அதை விட்டு விலகிவிடுகிறது.

இதே அளவுகோலை வெற்றிமாறனின் 'விடுதலை' முதல் பாகத்துக்கும் வைக்க வேண்டும், அவர் மேல் எனக்கு எவ்வளவு மதிப்பு இருந்தாலும். 2023 மார்ச் 31 அன்று வந்த படம். ஜெயமோகனின் 'துணைவன்' சிறுகதையிலிருந்து கிளைத்தது. ரயில் விபத்தோடு தொடங்கும் அந்த நீண்ட ஷாட்டைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். எனக்கு அதைவிட முக்கியம், சூரி நடித்த குமரேசன். மலை மேலே உள்ள போலீஸ் முகாம்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் ஜீப் டிரைவர். அதிகாரத்தின் மிகக் கீழ்ப்படியில் இருக்கும் அவன் கண் வழியாக அதிகாரத்தைப் பார்க்க வைத்தது பெரிய முடிவு. ஆனால் உச்சக்கட்டத்தில் ஸ்டேஷனுக்குள் பெண்களை நிர்வாணப்படுத்திச் சித்திரவதை செய்கிறார்கள். அந்தக் காட்சியும், அதை நிறுத்துவதற்காகக் குமரேசன் உயிரைக் கொடுத்து ஓடுவதும் மாறி மாறி வருகின்றன. அவனுடைய ஓட்டத்துக்கு வேகம் கூட்டும் வேலைக்கு அந்தப் பெண்களின் உடல்களைப் பயன்படுத்தியதாகவே எனக்குப் பட்டது.

அந்தக் காட்சிகள் வாச்சாத்தியை நினைவூட்டுபவை. 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டத்து மலை கிராமத்தில் நடந்தது அது. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். 2011இல் தருமபுரி நீதிமன்றம், உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 'விடுதலை' வந்து ஆறு மாதம் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. 31 ஆண்டுகள் விடாமல் நின்று சாட்சி சொன்னவர்கள் அந்தப் பெண்கள். கத்தியதும் அழுததும் மட்டும் அவர்களுடைய கதை ஆகாது. அவர்கள் பேசினார்கள். அந்தப் பேச்சு நீதிமன்ற ஆவணங்களில் இருக்கிறது. படத்தில் அதற்கு இடம் இல்லை.

சூரி என்றதும் அடுத்து 'கொட்டுக்காளி'க்குத்தான் வர வேண்டும். பி.எஸ்.வினோத்ராஜ் இயக்கியது. அவருடைய முதல் படமான 'கூழாங்கல்' 2021இல் ரோட்டர்டாமில் டைகர் விருது வாங்கியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 'கொட்டுக்காளி' 2024 பிப்ரவரியில் பெர்லின் விழாவில் திரையிடப்பட்டு, ஆகஸ்ட் 23 அன்று தியேட்டருக்கு வந்தது. வேறு சாதிப் பையனை விரும்பிய மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி, சாமியாடியிடம் கூட்டிப்போகிறது குடும்பம். ஷேர் ஆட்டோவில் பெண்கள், பைக்குகளில் ஆண்கள், கூடவே காலைக் கட்டிய ஒரு சேவல். பின்னணி இசை கிடையாது. மீனாவாக நடித்த அன்னா பென் படம் முழுக்க வாயைத் திறப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம்.

ஓர் இடத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். வழியில் எங்கோ ஒரு விசேஷ வீடு. ஒலிபெருக்கியில் பாட்டு ஓடுகிறது. ஆட்டோவுக்குள் இருக்கும் மீனாவின் உதடு அந்தப் பாட்டோடு லேசாக அசைகிறது. அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்ட முறைமாமன் பாண்டி (சூரி) வண்டியை நிறுத்திவிட்டு, அவளைப் போட்டு அடிக்கிறான். தடுக்க வந்த எல்லோருக்கும் அடி விழுகிறது. தொண்டையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு, கட்டிப்போன குரலில் கத்துகிறான். ஒரு பாட்டை முணுமுணுத்ததற்கு இவ்வளவு அடி. சோகம் என்று நமக்குச் சொல்லிக்கொடுக்க வயலின் வரவில்லை. ஆட்டோ இன்ஜின் சத்தமும் அறை விழும் சத்தமும் மட்டும்தான். அடி முடிந்ததும் எல்லோரும் மறுபடி வண்டியில் ஏறுகிறார்கள், பயணம் தொடர்கிறது. அந்தத் தொடர்ச்சிதான் என்னை உலுக்கியது. அந்த வீட்டில் இது வழக்கமான காரியம்.

இன்னொன்று. பாதையை மறித்துக்கொண்டு ஒரு காளை நிற்கிறது. இத்தனை நேரம் மீசை முறுக்கிய ஆண்கள் ஒருவரும் கிட்டே போகத் துணியவில்லை. ஒரு சின்னப் பெண் வந்து அதைக் கூட்டிக்கொண்டு போகிறாள். இதற்கு விளக்கம் தேவையில்லை. படமும் தரவில்லை.

கடைசியில், சாமியாடியிடம் இன்னொரு பெண்ணுக்கு நடக்கும் சடங்கைப் பாண்டி பார்க்கிறான். அதுவரை மீனாவைச் சுற்றி நின்ற கேமரா அங்கே பாண்டியின் கண்ணாகிறது. தான் செய்யப் போவது என்ன என்று அடிக்கிறவனைப் பார்க்க வைக்கிறார் இயக்குநர். முடிவைச் சொல்லாமல் படம் நிற்கிறது. தியேட்டரில் பலர் ஏமாந்து எழுந்தார்கள். இந்தப் படத்தைத் தியேட்டருக்கே கொண்டுவந்திருக்கக் கூடாது என்று திரைத்துறைக்குள்ளிருந்தே குரல் எழுந்தது. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. டிக்கெட் வாங்கி வருகிறவருக்கு எது புரியும், எது புரியாது என்று முன்கூட்டியே முடிவுகட்டும் உரிமையை யார் யாருக்குக் கொடுத்தது?

அதே நாளில் வந்த படம்தான் மாரி செல்வராஜின் 'வாழை'. தூத்துக்குடி மாவட்டத்தில் வாழைத்தார் சுமக்கும் கூலிக் குடும்பத்துச் சிறுவன் சிவனைந்தன். பள்ளிக்கூடம் என்றால் உயிர், லீவு நாளில் தார் சுமக்கப் போவதென்றால் வேப்பங்காய். தாருக்கு ஒரு ரூபாய் கூலியை இரண்டு ரூபாயாகக் கேட்டு வாங்குகிறார்கள். கொடுத்த முதலாளி, தனி வண்டிச் செலவை மிச்சம் பிடிக்க, தார் ஏற்றிய லாரியின் மேலேயே ஆட்களை ஏற்றிவிடுகிறார். அந்த லாரிதான் கவிழ்கிறது. ஒரு ரூபாய் கூலி உயர்வு எப்படி ஒரு ஊரின் சாவாகிறது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன வேறு தமிழ்ப் படம் எனக்கு நினைவில்லை. பொருளாதாரப் பாடம் என்றே தெரியாமல் ஒரு பொருளாதாரப் பாடம். ஊரே சாவில் கிடக்க, பசியோடு ஓடிவந்த பிள்ளை சோற்றைத் தேடும் அந்தக் கடைசிப் பகுதியில் கேமரா பிள்ளையின் உயரத்தை விட்டு எழும்பவே இல்லை.

ஆனால் சிவனைந்தனின் டீச்சர் வரும் காட்சிகளில் அந்த உயரம் தவறுகிறது. ஒரு சிறுவனின் வெள்ளந்தியான பிரியத்தைக் காட்ட வேண்டிய இடத்தில் ஸ்லோமோஷனும் பாட்டும் சேர்ந்து ஒரு வளர்ந்த ஆணின் பார்வையைக் கொண்டுவந்துவிடுகின்றன. மாரி செல்வராஜிடம் எனக்குத் தொடர்ந்து இருக்கும் மனக்குறை இது. மனத்துக்கு நெருங்கிய காட்சி வந்தால் அவர் அதை அழகுபடுத்தாமல் விடுவதில்லை. 2025 அக்டோபரில் வந்த 'பைசன்' படத்திலும் அப்படித்தான். மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவிய கபடிக் கதை. துருவ் விக்ரம் உடம்பை வருத்தி உழைத்திருக்கிறார். இருந்தாலும் என் கண் பசுபதி மேலேயே இருந்தது. மகன் கபடி ஆடினால் வெட்டுப்படுவானோ என்று தடுக்கும் அப்பா அவர். ஆடுகிறவனைவிட அவனைப் பார்த்துப் பயப்படுகிறவர் முகத்தில்தான் அந்த மண்ணின் சாதி தெரிகிறது.

விளையாட்டுப் படம் என்றால் 'லப்பர் பந்து'வைச் சொல்லாமல் போக முடியாது. தமிழரசன் பச்சமுத்து இயக்கியது, 2024 செப்டம்பர். உள்ளூர் கிரிக்கெட்டில் பெயர் வாங்கிய மாமனார் கெத்து, அவருடைய பலவீனத்தைக் கண்டுபிடித்த வருங்கால மருமகன் அன்பு. இரண்டு பேரில் யாரையும் வில்லனாக்காமல் கேமரா இருவர் பக்கமும் மாறி மாறி நிற்கிறது. அன்புவைச் சாதி காரணமாக டீமில் சேர்க்க மறுக்கும் விஷயத்தையும், பாடம் நடத்தாமல், டாஸ் போடும் நேரத்துப் பேச்சிலேயே சொல்லிவிடுகிறார்கள். விஜயகாந்த் காலமாகி ஒன்பது மாதம்கூட ஆகாத நேரம். 'பொன்மனச் செல்வன்' பாட்டோடு 'அட்டகத்தி' தினேஷ் மைதானத்தில் இறங்கியபோது தியேட்டர் எழுந்து ஆடியதை நான் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, ஸ்வாசிகா நடித்த யசோதை. புருஷனின் கிரிக்கெட் பைத்தியத்துக்குத் தன் வாழ்க்கையை விலையாகக் கொடுத்தவளின் கோபத்தைப் படம் ஓர் இடத்திலும் கேலி செய்யவில்லை.

ராணுவப் படமான 'அமரன்' பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரலில் காஷ்மீரில் உயிரிழந்தார். ராஜ்குமார் பெரியசாமி அந்தக் கதையை மனைவி இந்து சொல்வதாக அமைத்தது நல்ல முடிவு. சாய் பல்லவி இருக்கும் வரையில் அது ஒரு மனைவியின் படம். துப்பாக்கி வெடித்ததும் அவர் விலகிவிடுகிறார். காஷ்மீரத்து மக்கள் தூரத்தில் கல்லெறியும் கூட்டமாக நிற்கிறார்கள். அவர்களுக்கும் வீடும் மனைவியும் பிள்ளையும் உண்டு என்று படத்துக்குத் தோன்றவில்லை.

'டூரிஸ்ட் ஃபேமிலி' விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. 2025 மே முதல் தேதி வந்த படம், இளைஞரான அபிஷன் ஜீவிந்த்தின் முதல் படம். இலங்கையின் பொருளாதார நெருக்கடி தாங்காமல் படகேறி ராமேஸ்வரத்தில் இறங்கும் குடும்பம், அகதி என்பதை மறைத்துச் சென்னையில் ஒரு காலனியில் குடியேறுகிறது. சிரிக்க வைத்தார்கள், அழவும் வைத்தார்கள். சசிகுமாரும் சிம்ரனும் அவ்வளவு இயல்பு. வாயைத் திறந்தால் பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்று அந்தக் குடும்பம் பயப்படுவதைக் கவனியுங்கள். தமிழ் பேசும் ஊருக்கு வந்து தன் தமிழுக்குப் பயப்பட வேண்டிய நிலை. அந்தக் கனத்தை நகைச்சுவைக்குள் வைத்தது எளிதான காரியமில்லை.

ஆனால் படம் நகர நகரக் கேமரா காலனிக்காரர்கள் பக்கம் போய்விடுகிறது. இந்தக் குடும்பம் எல்லோருக்கும் உதவுகிறது, மனம் உடைந்தவர்களைத் தேற்றுகிறது, ஒருவரையும் கோபிப்பதில்லை. ஆகவே ஊர் அவர்களை ஏற்றுக்கொள்கிறது. அப்படியானால் கோபக்கார அகதியை என்ன செய்வது? வாடகை பாக்கி வைக்கிற, அண்டை வீட்டாரோடு சண்டை போடுகிற, நம்மில் பலரைப் போன்ற சாதாரண அகதிக்கு இங்கே இடம் உண்டா இல்லையா? தமிழ்நாட்டில் பல்லாயிரம் ஈழத்தமிழர்கள் பல பத்தாண்டுகளாக முகாம்களில் இருக்கிறார்கள். அங்கேயே பிறந்து அங்கேயே பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். நல்லவர்கள் என்று நிரூபித்துக் காட்டிய பிறகு தருகிற பொருளாக வாழும் உரிமை இருக்கக் கூடாது. இந்தக் குடும்பத்துக்கு ஒரே ஒரு முறை கோபப்பட அனுமதி தந்திருந்தால் இந்தப் படத்தை நான் தலையில் வைத்துக் கொண்டாடியிருப்பேன்.

பெண்ணைப் பெண்ணின் கண்ணாலேயே பார்த்த படம் என்று வர்ஷா பரத்தின் 'பேட் கேர்ள்' படத்தைக் குறிப்பிட வேண்டும். 2025 தொடக்கத்தில் ரோட்டர்டாமில் நெட்பேக் விருது பெற்றது. டீசருக்கே இங்கே பெரிய எதிர்ப்பு கிளம்பியது. படம் செப்டம்பரில் வந்தபோது, சண்டை போட்டவர்கள் எதிர்பார்த்த படமாக அது இல்லை. நாயகி ரம்யா தப்பு செய்கிறாள், அழுகிறாள், திரும்பவும் தப்பு செய்கிறாள். அவளைத் தண்டிக்கவும் இல்லை, கோபுரத்தில் ஏற்றவும் இல்லை. அம்மாவுக்கும் மகளுக்கும் இடையிலான காட்சிகளுக்காகவே இன்னொரு முறை பார்ப்பேன்.

மனத்துக்கு மிக நெருக்கமான ஒரு படம் பாக்கி. பிரேம்குமாரின் 'மெய்யழகன்', 2024 செப்டம்பர் 27. சொந்த வீட்டை இழந்து தஞ்சாவூரை விட்டுப் போன அருள்மொழி, தங்கை முறையுள்ள பெண்ணின் கல்யாணத்துக்காகப் பல ஆண்டுகள் கழித்து வருகிறார். தன்மேல் உயிரையே வைத்திருக்கும் ஒரு உறவுக்காரனின் (கார்த்தி) பெயர் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. கேட்கக் கூச்சம். இவ்வளவுதான் கதை. மேடையில் மணப்பெண் புவனாவுக்கு, தான் வாங்கிவந்த கொலுசை அருள்மொழி தன் கையாலேயே போட்டுவிடுகிறார். அருள்மொழியாக நடித்த அரவிந்த்சாமி அந்த இடத்தில் ஒரு வார்த்தைகூடப் பெரிதாகச் சொல்வதில்லை. வராமல் போன அத்தனை வருஷத்துக்கும் அந்தக் கொலுசுதான் பதில். அன்பு செலுத்துகிறவனைவிட, அந்த அன்புக்குத் தகுதி இல்லையோ என்று குறுகுகிறவன் பக்கம் கேமராவை வைத்ததில்தான் இந்தப் படத்தின் மேன்மை இருக்கிறது. கார்த்தியின் கண்ணால் சொல்லியிருந்தால் இது ஒரு நல்லவனின் கதையாக மட்டும் முடிந்திருக்கும்.

அந்தப் படத்துக்கு நேர்ந்தது என்ன? மூன்று மணி நேரத்தை ஒட்டிய நீளம் என்று முறையீடு எழுந்தது. வெளியான சில நாளிலேயே சுமார் 18 நிமிடங்களை வெட்டினார்கள். வெட்டுப்பட்டவற்றில் முக்கியமானது ராத்திரிப் பேச்சு. வரலாற்றைப் பற்றியும் ஜல்லிக்கட்டைப் பற்றியும் தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டைப் பற்றியும் அந்த மனிதன் பேசும் பகுதி. அதை எடுத்துவிட்டால் அவன் பாசக்காரன் மட்டும். அந்தப் பேச்சோடு பார்த்தால் அவன் யோசிக்கிற ஒரு டெல்டாக்காரன். பெரிய நஷ்டம் அது.

பெரிய நட்சத்திரப் படங்களைப் பற்றிக் கேட்பீர்கள். 'இந்தியன் 2', 'கங்குவா', 'கூலி' எல்லாம் பார்த்தேன். இவற்றில் கேமரா யார் பக்கமும் நிற்பதில்லை, நட்சத்திரத்தின் காலடியிலிருந்து மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது. 'கங்குவா'வில் சத்தம் தாங்கவில்லை என்று ரசிகர்கள் புலம்பியதும், ஒலி அளவைக் குறைக்கச் சொல்லித் தியேட்டர்களைத் தயாரிப்பாளரே கேட்டுக்கொண்டார். அந்தப் படம் வந்த அதே மாதம், தியேட்டர் வாசலில் எடுக்கும் பொதுமக்கள் கருத்து வீடியோக்களை அனுமதிக்கக் கூடாது என்று தயாரிப்பாளர் சங்கம் ஒன்று அறிக்கை விட்டது. படம் வெளியான முதல் மூன்று நாள் விமர்சனமே வரக் கூடாது என்று உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. சரியான முடிவு. தனிமனிதரைக் கேவலமாகப் பேசுவதை நானும் எதிர்க்கிறேன். அதற்குச் சட்டம் இருக்கிறது. ஆனால் காசு கொடுத்துப் பார்த்தவர் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதை எந்த விமர்சகரும் ஏற்கக் கூடாது.

மாணவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. உங்கள் சங்கத்தில் அடுத்த வாரம் 'சித்தா'வையும் 'மகாராஜா'வையும் அடுத்தடுத்துத் திரையிடுங்கள். படம் முடிந்ததும் கதையைப் பற்றிப் பேசாமல், ஒவ்வொரு முக்கியமான காட்சியிலும் கேமரா எங்கே நின்றது என்று மட்டும் பேசிப் பாருங்கள். மாணவிகள் முதலில் பேசட்டும். நான் இங்கே சொன்ன தீர்ப்புகளில் எது தவறு என்று தோன்றுகிறதோ அதைக் காட்சியைச் சுட்டிக்காட்டி எழுதி அனுப்புங்கள். கட்டாயம் பதில் எழுதுவேன்.